கொழுந்து மலையில ஒரு கக்கூஸ்

இறம்பொடை நீர்வீழ்ச்சியின் உயரம் 109 மீற்றர். அதைப் பார்க்க வாறவங்களுக்குக் கழிப்பறை வேணும்னா ரோட்டோரத்துக் கடை, ஹோட்டல் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். ஆனால் நம்ம தேயிலை மலைகள்ல காலையிலிருந்து கொழுந்து எடுக்கிற பெண்கள் பெரும்பாலும் செடி மறைவுலதான் ஒதுங்க வேண்டியிருக்கு. இது நேற்று வந்த பிரச்சினை இல்லை.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இந்தப் புழு வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறி இரத்தத்தைக் குடிக்கும். செருப்பில்லாமல் மலை ஏறிய நம்ம ஆட்கள்தான் அதற்கு வசதியாக அகப்பட்டார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு போனது. கக்கூஸ் போதாததால் அதே மண்ணிலிருந்து திரும்பவும் வந்தது. மருந்து குடித்த தொழிலாளி சீக்கிரமே வேலைக்கு நிற்பார், அதில் துரைமாருக்கு இலாபம். கக்கூஸ் கட்டுவது அவர்களுக்குச் செலவு. தயக்கம் எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு வேற வழி இருந்தது. 1956இல் வட வியட்நாம் கிராமங்களில் இரட்டைத் தொட்டிக் கழிப்பறை பரவத் தொடங்கியது. ஒரு தொட்டி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு மற்றதைப் பாவிப்பார்கள். மூடியது மெல்ல மெல்ல உரமாகும். பல நாட்டுப் பூங்காக்களில் இப்போது உள்ள கொம்போஸ்ட் கழிப்பறைகளும் தண்ணி ஊற்றித் தள்ளாமல் மட்க வைக்கிற இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஆனால் நாம கழுவுற ஆட்கள். தொட்டிக்குள் தண்ணி போனால் மட்காது, நாறும். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற அமைப்பு இதற்கு வழி கண்டது. மலம், சிறுநீர், கழுவுற தண்ணி மூன்றும் தனித்தனியாகப் போகும். போனபிறகு ஒரு பிடி சாம்பல் போட்டால் போதும். அங்குள்ள பொதுக் கழிப்பறையில் காசு வாங்கவில்லை. பாவித்தவருக்கு ஒரு தடவைக்கு 10 காசு கொடுத்தார்கள்! உரத்துக்கு விலை இருந்ததே காரணம். அமைப்பை நடத்திய சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நம்ம மலைக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பாறையில் குழி வெட்டுவது கஷ்டம். குழிக் கழிவு கசிந்தால் அது ஓடை வழியாகக் கீழே கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகும். சாம்பலுக்கும் லயத்து அடுப்புல குறைச்சல் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கு. தொட்டியை யார் திறப்பது? தோட்டங்களில் கழுவுகிற, கூட்டுகிற வேலையை 'வாசல்கூட்டி' என்று சொல்லி ஒரு சில சாதிகளின் தலையில்தானே கட்டினோம். மட்க வேண்டிய காலம் முடியாமல் திறந்தால் அந்த மனிதர் வாருவது உரமில்லை, மலம். அதனால் தொட்டியைப் பூட்டி வைக்கிற காலத்தையும், திறக்கிறவரின் சம்பளம், கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் கட்டுறதுக்கு முன்னமே எழுதி வைக்கணும்.

நீர்வீழ்ச்சிப் பக்கம் சுற்றுலாவுக்கு என்று இப்படி ஒன்று கட்ட யாராவது திட்டம் போட்டால், முதலாவதைக் கொழுந்து மலையில கட்டச் சொல்லிக் கேட்போம். நூறு வருஷத்துக்கு மேலாகக் காத்திருப்பது அங்கே உள்ளவங்கதான்.