வடுகூர்ப் பதிகத்தை யார் பாடுவது?

வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் திருவாண்டார்கோயில். தேவாரத்தில் இதற்கு வடுகூர் என்று பெயர். திருஞானசம்பந்தர் இந்த ஊருக்கு ஒரு பதிகம் பாடியிருக்கிறார். முதல் திருமுறையில் 87-வது. எங்கள் பக்கத்துக் கச்சேரி மேடை எதிலும் அதை ஒருவர் பாடி நான் கேட்டதில்லை.

அந்தப் பதிகத்தின் பண் குறிஞ்சி. இன்று கச்சேரியில் கேட்கிற குறிஞ்சி ராகம் வேறு. ஓதுவார்கள் இந்தப் பண்ணை அரிகாம்போதியில் பாடுவார்கள். இந்தளம் என்றால் மாயாமாளவகௌளை, கௌசிகம் என்றால் பைரவி, பழம்பஞ்சுரம் என்றால் சங்கராபரணம். பெயர்தான் பழசு, ராகங்கள் பாடகர்கள் தினமும் பழகுகிறவைதாம். பிறகு ஏன் தயக்கம் என்பது எனக்குப் புரிவதில்லை.

கச்சேரிகளில் தேவாரம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாம் முடிந்து மங்களத்துக்கு முன்னால், ராகமாலிகையில் ஒரு விருத்தமாக வரும். அதுவும் அழகுதான். ஆனால் பண்ணும் போகும், தாளமும் போகும். ஓதுவார் மரபில் தாளமில்லாமல் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும், தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும் சொல்வார்கள். ஒரே பண்ணுக்குள்ளேயே சந்தத்துக்கு ஏற்பப் பல கட்டளைகள் உண்டு. சொல்லைச் சிதைக்காமல் தாளத்தில் உட்கார வைக்க இதைவிட நல்ல பாடம் இளம் பாடகருக்கு எங்கே கிடைக்கும்?

நம் காரைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் முன்பே காரைக்கால் அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். காரைக்காலுக்குப் பக்கத்துத் தருமபுரத்தில்தான் சம்பந்தர் யாழ்மூரி பாடினார். பதிகங்கள் சிறப்பது திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசிப்பால்தான் என்று அவருடைய உறவினர் சொல்ல, பாணருக்கே அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடும்படி அவரே வேண்டிக்கொண்டார் என்கிறது பெரியபுராணம். பாடியதும் வாசிக்க முடியாமல் யாழையே உடைக்கப் போனாராம், சம்பந்தர்தான் தடுத்தார். இன்று அதை அடாணாவில் பாடுகிறார்கள். குரலுக்கு இதற்குமேல் சவால் வேண்டுமா?

இந்தப் பாட்டுகள் முன்பும் ஒருமுறை மறந்துபோயின. தில்லையில் ஏடுகள் கிடைத்த பிறகும் பண் தெரியவில்லை; திருஎருக்கத்தம்புலியூரில் அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்தார்கள் என்பது திருமுறைகண்ட புராணம் சொல்லும் செய்தி. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்ததற்குக் கல்வெட்டே இருக்கிறது.

நம் காலத்தில் சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடத்தியது. புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம், தி.வே. கோபாலய்யர் பதிப்பித்த தேவாரத்தின் முதல் தொகுதியை 1984-இல் வெளியிட்டது. ஆக, ஏடும் அச்சும் நம் வீட்டு வாசலில் இருக்கின்றன.

அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. வாய்ப்பாட்டு படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கிருந்து வடுகூர் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. இந்த வருஷம் ஒரு பிரதோஷத்தன்று யாராவது ஒரு பிள்ளை சன்னதியில் நின்று அந்தப் பதிகத்தைக் குறிஞ்சிப் பண்ணிலேயே பாடினால் கேட்க நான் வருகிறேன். தாளம் போடவும் தயார்.