புயல் எந்தப் பக்கம் திரும்பும்? வானத்தில் வீசும் காற்றை பலூன் அளப்பது எப்படி?

"புயல் சென்னைக்கு வருமா, இல்ல ஆந்திரா பக்கம் போயிடுமா?" நவம்பர், டிசம்பர் வந்தாலே எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு வானிலை ஆய்வாளர்கள் பதில் தேடும் இடங்களில் ஒன்று, மீனம்பாக்கத்தில் இருந்து பறக்கவிடப்படும் ஒரு ரப்பர் பலூன்.

தரைக் காற்றை மட்டும் அளந்தால் போதாதா?

போதாது. புயலைப் பெரும்பாலும் நகர்த்துவது, அதைச் சுற்றி பல கி.மீ. உயரம் வரை வீசும் காற்றுதான். அந்தக் காற்று பலமில்லாமல் போனால் புயலும் மெதுவாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னை அருகே மெதுவாக நகர்ந்ததால்தான் மழை மணிக்கணக்கில் கொட்டித் தீர்த்தது.

மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என காற்று வேகமாக வீசினால், புயல் வலுவிழக்கவும் வாய்ப்பு உண்டு.

பலூனில் என்ன இருக்கும்?

ஹைட்ரஜன் நிரப்பிய பலூனின் கீழே ரேடியோசோண்ட் என்ற சின்ன பெட்டி தொங்கும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளந்து ரேடியோ மூலம் தரைக்கு அனுப்பும். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் ஏறி, 30 கி.மீ. உயரத்தையும் தொடும். மேலே போகப் போக காற்றழுத்தம் குறைவதால் பலூன் உப்பிக்கொண்டே போய் வெடித்துவிடும்.

உலகம் முழுக்க இதற்கு ஒரே நேரக் கணக்குதான். இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30. தமிழக கடலோரத்தை ஒட்டிய காரைக்காலிலும் இப்படி ஒரு நிலையம் உள்ளது.

அப்போ காற்றை அளப்பது எது?

இதுதான் சுவாரஸ்யம். பெட்டியில் காற்று வேகமானி கிடையாது. பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால், வேகமானி வைத்தாலும் அது ஒண்ணும் காட்டாது. அதனால் பலூன் நகர்வதையே கணக்கு போடுகிறார்கள்.

ஒரு நிமிடத்தில் பலூன் கிழக்கே 600 மீட்டர் நகர்ந்தால், அந்த உயரத்தில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் மேற்குக் காற்று வீசுகிறது என்று அர்த்தம். அவ்ளோதான்! முன்பு தியோடலைட் என்ற தொலைநோக்கிக் கருவியால் பலூனைப் பின்தொடர்ந்து கோணங்களைக் குறித்தார்கள். மேகம் மறைத்தால் கதை முடிந்தது. இப்போது ஜிபிஎஸ் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

ஒரே வானம், இரண்டு காற்று

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மேலே 1, 2 கி.மீ. உயரத்தில் வீசுவது மேற்குக் காற்று. அதே நேரம் சுமார் 15 கி.மீ. உயரத்தில் கிழக்குக் காற்று மணிக்கு 100 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் பாயும். இந்தக் கிழக்குக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி.கோடீஸ்வரம்.

அடுத்த முறை 'வயலில் விழுந்த மர்மப் பெட்டி' என வாட்ஸ்அப்பில் படம் வந்தால், உடனே பயந்துவிட வேண்டாம். கிழிந்த ரப்பரும் கயிறும் கூடவே இருந்தால், அது வானத்தை அளந்துவிட்டு இறங்கிய ரேடியோசோண்டாக இருக்கலாம்.