வீடாக மாறிய மோட்டார் வண்டி

நெடுவழிப் பிரயாணம் செய்பவனுக்கு உணவு, நீர், இராத்தங்கல் என மூன்று கவலைகள் உண்டு. சத்திரமும் சாவடியும் மலிந்த நாட்டில் மூன்றாவது கவலை குறைவு. அவை இல்லாத வழியில் செல்பவன் தன் வண்டியையே வீடாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வாறு வண்டி வீடான வரலாற்றையும், அந்த வீட்டை இரவில் எங்கே நிறுத்துவது என்ற சிறு கேள்வி குடிமக்களின் உரிமையைப் பற்றிய பெரு வழக்காக வளர்ந்ததையும் இங்கே காண்போம்.

தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. உப்பு வணிகரான உமணர் குடும்பத்தோடு மாட்டு வண்டிகளில் ஊர்தோறும் சென்றதைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. வண்டிக்குக் கூரை உண்டு. கோழிகள் தங்கக் கூடு உண்டு. சிறிய உரலும் காடிப் பானையும் கயிற்றில் தொங்கும். குழந்தையை உடையவளான பெண்ணே மாடுகளை ஓட்டிச் செல்வாள். அச்சு முறிந்தால் பூட்டுவதற்கென வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றை உமணர் கட்டி வைத்திருந்தனர் என்பது புறநானூற்றால் தெரியவருகிறது. இன்று நாம் ஸ்டெப்னி என்று சொல்லும் உபரிச் சக்கரத்துக்கு அதுவே மூதாதை எனலாம். உமணர் வண்டியில் வாழ்ந்தது பிழைப்பின் பொருட்டு.

உல்லாசத்தின் பொருட்டு வண்டியில் வாழ்வது மிகப் பிற்காலத்து வழக்கம். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், 'வாண்டரர்' என்று பெயரிட்ட ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்நெஸ் நகரம் வரை சென்றார். குறுகிய சாலைகளில் எதிரே வருவோரை எச்சரிக்க, அவருடைய பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே செல்வான். மறு ஆண்டில் அப்பிரயாணம் நூலாகவும் வெளிவந்து புகழ் பெற்றது. அதே நாட்டில் தலைமுறை தலைமுறையாக வண்டிகளிலேயே வாழ்ந்துவந்த ஜிப்ஸிகளை ஊரார் விரட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மோட்டார் வண்டி வந்தபின் இவ்வழக்கம் அமெரிக்காவில் விரைந்து வளர்ந்தது. 1910-இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் காட்சிக்கு வைத்த ஒரு வண்டியில் பின் இருக்கை கட்டிலாக விரியும்; ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் முகம் கழுவும் தொட்டி மடிந்திருக்கும். அது செல்வர்க்கு உரியது. சாமானியருக்கு வழி திறந்தது ஃபோர்டின் 'டி' மாதிரி வண்டி. 1908-இல் 850 டாலராக இருந்த அதன் விலை, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. வாங்கியவர்கள் தாமே தச்சரானார்கள். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் பலகை பரப்பிப் படுக்கை அமைத்தார்கள். பக்கப் படியின் மேல் உணவுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் கதவைக் கீழே தாழ்த்தினால் அதுவே மேஜை. வண்டியின் கூரையில் கித்தானைக் கட்டி மறுமுனையைத் தரையில் முளையடித்து இழுத்தால் தாழ்வாரமும் ஆயிற்று.

1919-இல் ஃபுளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரில் கூடிய இத்தகையோர், 'தகர டப்பாப் பயணிகள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கமே நிறுவினர். ரேடியேட்டர் மூடியின் மேல் தகர டப்பா ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வது அச்சங்கத்தாரின் அடையாளம். இவர்களால் வியாபாரம் பெருகும் என்று எண்ணிய பல நகராட்சிகள் இலவசத் தங்கலிடங்களை அமைத்தன. நீரும் விளக்கும் அளித்தன. நாளடைவில் வேலை தேடி அலையும் ஏழைகளும் அங்கே வந்து தங்கலாயினர். உடனே கட்டணம் விதிக்கப்பட்டது. தங்கும் நாட்களுக்கும் வரையறை வந்தது. உல்லாசப் பயணிக்கும் ஏழைக்கும் படுக்கைப் பலகை ஒன்றுதான். ஊரார் கண்ணில் முன்னவர் விருந்தினர், பின்னவர் வேண்டாதவர்.

1930-களில் இவ்வேறுபாடு கொடுமையாக வெளிப்பட்டது. பொருளாதார மந்தமும் வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து ஓக்லஹோமா முதலிய மாநிலங்களின் உழவர்களைப் பெயர்த்தெறிந்தன. அவர்கள் மெத்தைகளை மோட்டார் வண்டிகளின் கூரைமேல் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிச் சென்றார்கள். 1939-இல் வெளிவந்த ஸ்டைன்பெக்கின் புகழ்பெற்ற நாவலில் வரும் குடும்பம், பழைய ஹட்ஸன் கார் ஒன்றின் பின்பகுதியை அறுத்தெடுத்து லாரியாக்கிக்கொண்டு புறப்படுகிறது. 1936-இல் நாஷ் நிறுவனம் உள்ளே படுக்கையாக மாற்றக்கூடிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல் துறை 136 காவலர்களை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. கண்டனங்கள் எழுந்து சில வாரங்களில் அக்காவல் கைவிடப்பட்டது. ஆயினும் ஏழையொருவரை மாநிலத்துக்குள் அழைத்துவருவது குற்றம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் இருந்துவந்தது.

அச்சட்டத்தைச் சோதித்தது ஒரு சாதாரணக் குடும்பக் கடமை. எட்வர்ட்ஸ் என்பவர் 1939 டிசம்பரில் டெக்ஸாஸ் சென்று, வேலையற்றிருந்த தம் மைத்துனரைத் தமது காரில் கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்தார். அதற்காக அவர் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1941 நவம்பரில் நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தனர். வறுமையைக் காரணம் காட்டி ஒரு மாநிலம் தன் வாயிலை அடைத்துக்கொள்ளுதல் இயலாது என்பது அதனால் நிலைபெற்றது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இத்தீர்ப்பின் அருமை எளிதில் விளங்கும். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்றுவரவும், எப்பகுதியிலும் தங்கிக் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை வழங்குகிறது. சென்றுவருவது ஓர் உரிமை, தங்குவது இன்னோர் உரிமை என அவை தனித்தனியே எழுதப்பட்டிருப்பது கருதத்தக்கது. செல்லலாம், ஆனால் தங்கலாகாது என்றால் அச்சுதந்திரத்தில் பாதியும் மிஞ்சாது.

உலகப் போருக்குப் பின் வண்டி வீடு மீண்டும் உல்லாசத்துக்குத் திரும்பியது. 1951-இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், வோல்க்ஸ்வாகன் வேனுக்குள் வைக்கவும் எடுக்கவும் கூடிய சாமான் பெட்டியொன்றை உருவாக்கியது. வேலை நாட்களில் சரக்கு ஏற்றும் வேன், விடுமுறையில் குடும்பத்தின் படுக்கையறையாகும். அத்தகைய வேன்களில் ஐரோப்பிய இளைஞர் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்தனர். 1979-இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் அப்பாதையை மூடின. நம் நாட்டில் 2021-இல் கேரள அரசு வண்டி வீட்டுச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. சொந்த வண்டியை இவ்வாறு மாற்ற விரும்புவோர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க அது இடந்தருவதில்லை.

ஆனால் நம் நாட்டுச் சாலைகளில் வண்டியையே வீடாகக் கொண்டோர் சுற்றுலாப் பயணிகளைக் காட்டிலும் லாரி ஓட்டுநர்களே. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்படும் லாரிகளை வட மாநில நெடுஞ்சாலைகளில் நாம் காண்கிறோம். இருக்கைக்குப் பின்னுள்ள பலகையே அவர்கள் கட்டில். அடுப்பு மூட்டிய சாலையோரமே சமையலறை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. அது நல்ல தொடக்கம். எனினும் அவர்கள் அச்சமின்றி வண்டியை நிறுத்திக் குளித்து உறங்க, விளக்கும் நீரும் காவலும் உள்ள இடங்கள் வழிநெடுகிலும் வேண்டும். உல்லாசப் பயணிக்கு நாம் காட்டும் உபசாரத்தை, நம் வீட்டு அரிசியையும் பருப்பையும் சுமந்துவரும் அவர்களுக்கும் காட்டுவதே முறை.