தொழில் முனைவோர் பயிற்சி

தொழில் முனைவோர் பயிற்சி என்பது, சொந்தமாகத் தொழில் தொடங்கி நடத்துவதற்கு வேண்டிய ஊக்கத்தையும் வாணிக ஞானத்தையும், அவை பரம்பரையாக வாய்க்கப் பெறாதவர்களுக்கும் முறையான போதனையால் உண்டாக்க முயலும் கல்வித்துறையாகும். வாணிகம் குலத்தொழிலாக இருந்த சமுதாயங்களில் மகன் தந்தையின் கடையில் அமர்ந்தே கணக்கும் கைராசியும் கற்றுக்கொண்டானாகையால், இதற்கெனத் தனிக் கல்வி வேண்டுமென்ற எண்ணம் நெடுங்காலம் எழவில்லை. கடையில்லாத தந்தைக்குப் பிறந்தவன் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்தே இத்துறையின் சரித்திரம் தொடங்குகிறது.

தோற்றம்: நிச்சயமான விலைக்கு வாங்கி நிச்சயமில்லாத விலைக்கு விற்கத் துணிபவனைத் தனி வகுப்பாகப் பிரித்துக் காட்டியவர், 1755இல் வெளிவந்த பிரெஞ்சு நூலொன்றின் ஆசிரியரான ரிச்சர்டு கான்டில்லன். புதிய பொருளையும் புதிய முறையையும் புதிய சந்தையையும் புகுத்துபவனே பொருளாதார அபிவிருத்தியின் கர்த்தா என்று 1911இல் ஜோசப் ஷும்பீட்டர் நிலைநாட்டினார். எனினும், அத்தகையவன் பிறக்கிறானா, உருவாக்கப்படுகிறானா என்பதை இவ்விருவரும் ஆராயவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து இளைஞர்கள் திரும்பி வந்த காலத்தில், 1947இல், அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் மைல்ஸ் மேஸ் என்னும் ஆசிரியர் புதுத்தொழில் நிர்வாகத்தை ஒரு பாடமாக நடத்த, 188 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். இத்துறையின் வகுப்பறை வாழ்வு அன்று தொடங்கியது.

காக்கிநாடா பரிசோதனை: ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மனோதத்துவப் பேராசிரியரான டேவிட் மெக்கிளெலண்ட் 1961இல் வெளியிட்ட நூலில், ஒரு தேசத்தின் பொருள்வளம் அதன் மக்களுடைய சாதனை வேட்கையைப் பொறுத்தது என்று வாதித்தார். அவ்வேட்கையைப் பயிற்சியால் வளர்க்க இயலுமா என்பதைச் சோதித்தறிய அவர் தேர்ந்த களங்களுள் தலையாயது, ஆந்திரக் கடற்கரையிலுள்ள காக்கிநாடா. 1964இல் தொடங்கி, அவ்வூர்ச் சிறு வணிகர்களும் தொழில் நடத்துவோரும், ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் குறுகியகாலப் பயிற்சி பெற்றனர். படங்களைக் கண்டு கதை எழுதி, அக்கதைகளில் தம் மனம் எதை நாடுகிறது என்பதைத் தாமே கண்டுணர்வது ஒரு பாடம். நட்ட முளையில் வளையம் எறியும் விளையாட்டு மற்றொன்று: எளிதில் விழும் அண்மையில் நிற்பவனும், தற்செயலாக விழட்டுமென்று வெகுதூரம் போகிறவனும் தத்தம் இயல்பை அறிந்துகொள்ள, முயன்றால் விழக்கூடிய நடுத்தூரத்தில் நிற்பதே தொழில் நடத்துபவனின் விவேகம் என்பது சொல்லாமலே விளங்கிற்று. பயிற்சி பெறாதவர்களோடும், ஒப்புமைக்கு எடுத்துக்கொண்ட ராஜமகேந்திரவரத்து வணிகர்களோடும் ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்கள் புதுத்தொழில் தொடங்குவதிலும் மூலதனம் இடுவதிலும் ஆட்களை அமர்த்துவதிலும் மேம்பட்டு நின்றனர். மெக்கிளெலண்டும் டேவிட் வின்டரும் 1969இல் இம்முடிவுகளை நூலாக்கினர். பழைய ஆசாரங்களும் நம்பிக்கைகளும் முன்னேற்றத்துக்குத் தடை என்ற அக்காலக் கருத்துக்கு இவ்வாராய்ச்சியில் ஆதாரம் கிட்டவில்லை என்பது தனியே குறிக்கத்தக்கது.

நிறுவனங்கள்: குஜராத்தில், ஈடில்லாமல் முழு முதலையும் கடனாகத் தரும் திட்டம் 1969இல் தொழில்நுட்பம் கற்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டது; மறு ஆண்டே, பணம் மட்டும் போதாதென்று கண்டு, பயிற்சியும் சேர்க்கப்பட்டது. ஆளைத் தேர்தல், ஊக்கமூட்டல், சந்தையை ஆராய்தல், திட்ட அறிக்கை வகுத்தல், நிர்வாகம், கடன் பெறத் துணைநிற்றல் என்று வரிசைப்பட்ட அம்முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் வி. ஜி. பட்டேல். அதன் பயனாக 1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தோன்றியது. கிராமத்து இளைஞர்களுக்கான வழியைக் கர்நாடகம் காட்டிற்று. தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்டே முயற்சியால், மஞ்சுநாதேசுவர அறநிலையமும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் கூடி, 1982இல் உஜிரே என்னும் ஊரில் நிறுவிய ருட்செட்டி நிலையம், உணவும் உறையுளும் இலவசமாக அளித்துச் சில வாரங்கள் தொழில் கற்பித்தது. கற்றுச் சென்றவர்களை அதன்பின்னும் நெடுநாள் தொடர்ந்து கண்டு துணைசெய்தது. பயிற்சி குறுகியது, பராமரிப்பு நீண்டது என்னும் அந்நியதியே, 2009 முதல் மாவட்டந்தோறும் ஒரு நிலையம் என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் வகுத்த திட்டத்துக்கு மாதிரியாயிற்று.

தமிழகத்தில் 1989இல் சர்வதேச வேளாண்மை அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், சேமிப்பையும் கடனையும் சிறுதொழிலையும் ஒரே முடிச்சில் கட்டின. அதே காலத்தில் அகமதாபாத்துப் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பு, கிராமத்தார் தாமே கண்டறிந்த கருவிகளையும் முறைகளையும் திரட்டலாயிற்று. மதுரை சேவா அமைப்பு வெளியிட்ட 'நம்வழி வேளாண்மை' இதழ் அதன் தமிழ்க்குரலாக விளங்கியது. கற்பிக்கச் செல்பவர் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் சாரம்.

பிற்கால ஆராய்ச்சி: பயிற்சி உண்மையில் பயன் தருகிறதா என்பதை, சீட்டுக் குலுக்கி வகுப்புப் பிரித்து அளந்தறியும் முறை இந்த நூற்றாண்டில் பரவியது. கணக்கு எழுதுதலை மட்டும் போதித்த பல திட்டங்களின் பயன் சொற்பமே என்று அந்த ஆய்வுகள் காட்டின. அகமதாபாத்தில் (மதுரை அமைப்பின் வேறான) சேவா வங்கியின் வாடிக்கையாளரான பெண்களுக்கு இரண்டு நாட்பயிற்சி அளித்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. தோழியோடு வந்தவர்களே தொழிலுக்குக் கடன் பெறுவதிலும் குடும்ப வருமானத்திலும் முன்னேறினர் என்று அது கண்டது. ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறு தொழில் நடத்துவோரிடம் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. தாமே முன்வந்து செயலாற்றும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சி இலாபத்தை 30 சதவீதம் உயர்த்த, வழக்கமான வணிகப் பயிற்சியின் 11 சதவீத உயர்வோ உறுதியாகக் கொள்ளத்தக்கதாக இல்லை.

ஆகவே, காக்கிநாடாவில் வளையம் எறிந்து கற்ற பாடம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பொய்க்கவில்லை. தொழில் முனைப்பு ஒரு குலத்தின் தனிச்சொத்தன்று, கற்பிக்கத்தக்கது. ஆனால் உள்ளத்தில் ஊக்கமும், கையில் கடனும், பக்கத்தில் துணையும் ஒருங்கே வாய்த்த இடத்தில்தான் அக்கல்வி கடையாகவும் பட்டறையாகவும் உருப்பெறுகிறது.