பழைய ஆம்ப்ளிஃபயர்: ரிப்பேரா, புதுசா?

இன்னிக்கு எபிசோட் எங்க வீட்டு ஹால்ல இருந்து ஆரம்பிக்குது.

1979-ல் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு எங்க வீட்டில் இருக்கு. அந்தக் காலத்தில் இப்படி ஒரு சாமானைக் கடைக்குப் போய் வாங்கிட முடியாது, இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து வர்ற சொந்தக்காரங்க பெட்டிதான் ஷோரூம். போன மாசம் அதில் இடது பக்கம் கரகரன்னு ஆகி, அப்புறம் சத்தமே போச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு ஆறாயிரம் ஆகும்னு சொன்னார். அதே காசுக்கு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசா, ப்ளூடூத்தோட புது ஆம்ப் கிடைக்குது. "புதுசே வாங்கிடலாம்ப்பா"ன்னு சொன்னேன். அப்பா எதுவும் பேசல. எம்ப்ராய்டரி துணியை எடுத்து ஆம்ப் மேல திரும்பப் போட்டு மூடினார், அவ்வளவுதான்.

அந்த மௌனம் உறுத்துச்சு. சரி, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு கனமா இருக்குன்னாவது தெரிஞ்சுக்கலாம்னு உட்கார்ந்தேன். பதில் அமெரிக்காவில் கிடைச்சது.

1970-களின் தொடக்கத்தில் ஆம்ப் விளம்பரங்களில் வாட்ஸ் கணக்கு ஏறக்குறைய கதை விடறதுதான். ஒரு நொடி மட்டும் தாங்குகிற உச்ச பவரை எடுத்து, ரெண்டு சேனலையும் கூட்டி, பெரிய எண்ணாகப் போட்டுக்குவாங்க. 1974-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது. ரெண்டு சேனலும் ஒண்ணா ஓடணும். எத்தனை ஓம், எந்த அலைவரிசை, எவ்வளவு டிஸ்டார்ஷன், எல்லாத்தையும் சொல்லணும். அதோட ஒரு விஷயம் சேர்த்தாங்க: அளக்கறதுக்கு முன்னாடி, சொன்ன பவரில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்டணும்.

கேட்கும்போது சாதாரணமா தோணுது, இல்லையா? ஆனா அன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப் முழு பவரில் ஓடுறதை விட இந்த மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் அதிகமா சூடாகும். அதைத் தாங்கணும்னா பெரிய ஹீட் சிங்க் வேணும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேணும். கதை விட்டுக்கிட்டிருந்த கம்பெனிகள் உண்மையிலேயே இரும்பைப் போட ஆரம்பிச்சது இந்த விதிக்கு அப்புறம்தான். போட்டியும் நிக்கல. 1978-ல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ்-1980 ஒரு சேனலுக்கு 270 வாட்ஸ், எடை சுமார் 35 கிலோ. பவரை ரெண்டு மடங்காக்கினா கூடுவது 3 டெசிபல்தான், ஒரு ஹாலுக்கு 20 வாட்ஸே தாராளம். இருந்தாலும் அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னிக்கும் உயிரோட இருக்க அந்த அதிகப்படியான இரும்பும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உள்ளே இருக்கு. மூடியைக் கழட்டினா ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தனித்தனியா, நம்பரோட தெரியும். கால்களை போர்டின் ஓட்டையில் நுழைச்சு சால்டர் பண்ணியிருப்பாங்க. சர்வீஸ் மேனுவலில் முழு சர்க்யூட்டும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரணும்கறதும் இருக்கும். அந்த மேனுவலோட ஜெராக்ஸ் கையில் இருந்தா, செஞ்ச கம்பெனி இல்லாமப் போனாலும் வேலை நடக்கும். கம்பெனிகளும் உண்மையில் போயிடுச்சு. 1947-ல் தொடங்கி, டிரான்ஸ்ஃபார்மர் செஞ்சு வளர்ந்த சன்சுய் 2014-ல் திவால். ஆன்கியோ 2022-ல்.

அப்போ எதுதான் சாகுது? பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். உள்ளே இருக்கிற திரவம் மெல்ல மெல்லக் காயும். இதுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம்னு போட்ட கெபாசிட்டர், 45 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தினம் மூணு மணி நேரம் பாட்டு கேட்டா கிட்டத்தட்ட 29 வருஷம். அதே கெபாசிட்டர் 65 டிகிரியில் இருந்தா? 8,000 மணி நேரம், ஏழு வருஷம் சொச்சம். இப்போ நம்ம வீடுகளை நினைச்சுப் பாருங்க. கண்ணாடி ஷோகேஸ், சென்னை மே மாசம், காத்து போற ஓட்டையை அடைச்சுக்கிட்டு மேல ஒரு துணி. மரியாதைக்குப் போட்ட துணிதான் ஆம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமா வேக வெச்சிருக்கு!

இதுக்கு அப்புறம் வந்த பெட்டிகள் வேற கதை. 1980-களில் சான்யோவின் எஸ்.டி.கே. மாட்யூல் பரவுச்சு. அவுட்புட் பகுதி மொத்தமும் ஒரே கட்டியில். நம்ம ஊர் அசெம்பிள் செட்டுகளில் பல அதை வெச்சுத்தான் ஓடுச்சு. போயிடுச்சுன்னா வேற வாங்கி மாட்டு, முடிஞ்சது. சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-ல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போச்சு. பழைய மாட்யூல்களின் வரத்து நின்ன பிறகு மார்க்கெட்டில் நிறைய போலி. அசல்னு நம்பி மாட்டினா ஒரு வாரத்தில் புகை. ஹெச்.டி.எம்.ஐ. வெச்ச ஏ.வி. ரிசீவர் இன்னும் மோசம்; அந்த டிஜிட்டல் போர்டு போச்சுன்னா, பல மாடல்களுக்கு மாத்த போர்டே கிடைக்காது. அதனால எத்தனை வயசுன்னு மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். 1979 பெட்டியைச் சரி பண்றது 2009 பெட்டியைச் சரி பண்றதை விட சுலபமா இருக்கலாம்.

மறுபடியும் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன், இந்த முறை அப்பாவோட. அண்ணன் ஆம்ப்பை நேரா பிளக்கில் சொருகல. நூறு வாட்ஸ் குண்டு பல்பை சீரீஸில் போட்டு ஆன் பண்ணினார். உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு நின்னு எரியும், ஆம்ப் பிழைச்சுக்கும். எல்.இ.டி. பல்பு இதுக்கு ஆகாது, குண்டு பல்பு இப்போ சுலபமா கிடைக்கிறதும் இல்ல, அதனால அவர் அதைப் பழைய டப்பாவில் பஞ்சு சுத்தி வெச்சிருக்கார். பல்பு ஒரு தடவை மின்னி மங்கிடுச்சு. ஸ்பீக்கர் முனையில் டி.சி. இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பார்த்தார். இல்ல. "டிரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கு சார். அது போயிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்"னார்.

கெபாசிட்டர்களையும் ஸ்பீக்கர் ரிலேவையும் மாத்தி, வால்யூம் கன்ட்ரோலைச் சுத்தம் பண்ணி, பத்து நாளில் கொடுத்தார். ஆறாயிரம் சொன்னது ஏழாயிரத்து இருநூறு ஆச்சு. கழட்டின கெபாசிட்டர்களை ஒரு கவரில் போட்டு அப்பா கையில் கொடுத்தார். அது இப்போ ஷோகேஸில் இருக்கு. ஆம்ப் வெளியே, திறந்த ஸ்டாண்டில்.

துணியை எடுத்தாச்சு. அது அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட எம்ப்ராய்டரி. அவங்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.