தாய் கம்பெனியின் வாசல்: போபால் முதல் சிங்கோலா வரை

ஒரு கம்பெனி இன்னொரு நாட்டில் துணை நிறுவனம் தொடங்குகிறது. அங்கே மக்கள் பாதிக்கப்பட்டால் யார் மேல் கேஸ் போடுவது? சட்டத்தின் கண்ணில் தாய் நிறுவனம் வேறு, துணை நிறுவனம் வேறு. லாபம் எல்லை தாண்டும், பொறுப்பு தாண்டாது. இந்தச் சுவரில் எப்படி விரிசல் விழுந்ததுன்னு மூணு வழக்குகளை வரிசையா வெச்சுப் பார்த்தா புரியும்.

முதலாவது போபால், டிசம்பர் 1984. விஷவாயு கசிந்த ஆலையை நடத்தியது யூனியன் கார்பைட் இந்தியா. அதன் 50.9 சதவீதப் பங்கு அமெரிக்கத் தாய் நிறுவனத்திடம். இந்திய அரசு நியூயார்க் கோர்ட்டுக்குப் போனது. இதில் விசித்திரம் என்னன்னா, இவ்வளவு பெரிய வழக்கை எங்கள் கோர்ட்டுகளால் தாங்க முடியாது என்று நம்ம அரசே வாதாடியது. இந்திய நீதிமன்றங்களே போதும் என்றது அமெரிக்கக் கம்பெனி! 1986 மே மாதம் நீதிபதி ஜான் கீனன் வழக்கை இந்தியாவுக்கே திருப்பினார். 300 கோடி டாலருக்கு மேல் கேட்ட அரசு, 1989ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இரண்டாவது, கேப் என்ற பிரிட்டிஷ் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி. அதன் தென்னாப்பிரிக்கத் தொழிலால் நோயுற்றதாக 3,000க்கும் மேற்பட்டோர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். உங்க ஊர்லயே நடத்துங்க என்பதுதான் கம்பெனியின் வாதம். 2000ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. அங்கே இவர்களுக்கு வக்கீல் வைக்கப் பண உதவி கிடைக்காது, ஆகவே நீதியும் கிடைக்காது என்றது.

நடுவில், 2011ல் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஜான் ரக்கி வகுத்த வழிகாட்டுக் கோட்பாடுகளை ஏற்றது. மனித உரிமையைக் காப்பது அரசின் கடமை, மதிப்பது கம்பெனியின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் வேண்டும். நல்ல விஷயம்தான், ஆனால் சட்டமாகக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டால் நமக்குத் தெரிந்த அதே குழுமம். ஜாம்பியாவின் சிங்கோலா அருகே அதன் துணை நிறுவனத்தின் செப்புச் சுரங்கக் கழிவு, குடிக்கும் தண்ணீரையும் பாசன நீரையும் கெடுத்துவிட்டதாக 1,826 கிராமத்தினர் லண்டனில் வழக்குப் போட்டனர். 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழக்கை அனுமதித்தது. அதற்கு உதவிய முக்கிய ஆதாரம், வேதாந்தா தானே வெளியிட்ட ஆவணங்கள். துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் விஷயங்களை நாங்கள் மேற்பார்வை செய்கிறோம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் பொறுப்பும் வரலாம் என்றது கோர்ட்.

அப்போ எதுவுமே எழுதாம இருந்துட்டா தப்பிச்சுக்கலாமே? உண்மையான ஓட்டை அதுதான். பிரான்ஸின் 2017 சட்டம் அதைத்தான் அடைக்கப் பார்க்கிறது. துணை நிறுவனங்களையும் சேர்த்து, மனித உரிமை ஆபத்துகளுக்கான திட்டத்தைப் பெரிய கம்பெனிகள் எழுதி வெளியிட்டே ஆகவேண்டும்.

வேதாந்தா வழக்கும் 2021ல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாத சமரசமாக முடிந்தது. 1986ல் மூடிய வாசல் 2019ல் திறந்தது உண்மை. ஆனால் தண்ணீரைக் கெடுத்தது யார் என்று எந்த நீதிபதியும் அந்த வழக்கில் தீர்ப்பு எழுதவில்லை.