குன்றிலிருந்து கண்ட பினாங்கு

கடலையும் கலத்தையும் ஓவியத்துக்குரிய பெரும்பொருளாக உயர்த்திய பெருமை ஒல்லாந்தரைச் சாரும். அவர்களுள் புகழ்மிக்க வான் டெ வெல்டெ தந்தையும் மகனும் 1672ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் குடியேறி, இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் ஊதியம் பெற்றனர். தந்தையார் கடற்போரின் நடுவே சிறு படகில் அமர்ந்து காட்சிகளைக் கோட்டுருவாக்கியவர். ஆங்கிலேயரிடையே கடலோவியம் வேரூன்றியது இவ்விருவரால்தான்.

அம்மரபு தழைத்த நாட்டினின்று பினாங்குக்கு வந்தவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் (1787–1873). கிழக்கிந்தியக் கும்பினியின் பொறியாளராகப் பணியாற்றிய இவர், 1810களின் பிற்பாதியில் இத்தீவின் காட்சிகளைத் தைல வண்ணத்தில் தீட்டினார். அவற்றுள் பத்தினை வில்லியம் டேனியல் செப்புத் தகட்டில் செதுக்கி, 1821இல் இலண்டனில் வெளியிட்டார். மூல ஓவியங்களுட் பல இன்று பினாங்கு அரசு அரும்பொருளகத்தின் உடைமை.

ஒல்லாந்தர் படகிலிருந்து கடலைப் பார்த்தனர். ஸ்மித்தோ பெரும்பாலும் குன்றின்மேல் நின்று பார்த்தார். ஸ்ட்ராபெரி குன்று, ஹாலிபர்ட்டன் குன்று, நோயாளர் ஓய்வில்லம் என அவர் நின்ற இடங்களின் பெயர்களே அதைச் சொல்லும். அடர்ந்த காடு, கீழே நகர், அப்பால் நீரிணை. சஃபோக் மாளிகையும் குளுகோர் நறுமணத் தோட்டமும் தனித்தனி ஓவியங்கள் பெற்றன. அழகில் குறையொன்றும் இல்லை. எனினும் அது ஆள்வோர் வீட்டு முற்றத்திலிருந்து காணும் அழகு.

அதே நீரிணை வழியாகத்தான் நம்மவர் வந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலேறி வருவதாகவும், சிறிது பொருளீட்டி ஊர் திரும்புவதாகவும் பிரான்சிஸ் லைட் 1794இலேயே எழுதியுள்ளார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. குயின் தெருவில் இந்துக் கோயிலுக்கு நிலம் வழங்கப்பட்டதும் அவ்வாண்டே. இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதி அது. ஸ்மித் தூரிகை எடுத்த நாளில் இத்தெருக்களில் தமிழ் ஒலித்துக்கொண்டிருந்தது. சாலை வெட்டியவர்களுள் இந்தியக் கைதிகளும் இருந்தனர்; பொறியாளரான அவர் இதை அறியாதவரல்லர். ஆயினும் அப்பத்துள் ஒன்றேனும் சூலியா தெருவின் பெயரால் அமையவில்லை.

பின்னர் அவர் தில்லி சென்றார். 1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த குதுப்மினாரைச் செப்பனிட்டு, 1828இல் அதன் உச்சியில் தாமே வகுத்த வங்கபாணி மண்டபமொன்றை ஏற்றிவைத்தார். பொருத்தமற்றதென்று 1848இல் அது இறக்கப்பட்டது. இன்றும் அங்கே புல்வெளியில் கிடக்கிறது. கட்டடத்தில் தவறிய கை, ஓவியத்தில் தவறவில்லை.

வரலாறு பயிலும் மாணாக்கர் இப்படங்களில் கீழே, நீரோரமாகத் தெரியும் நகரை உற்றுநோக்குதல் வேண்டும். ஓவியர் இறங்கி வராத அந்தத் தெருக்களில்தான் சரக்குச் சுமந்தோரும் கடை விரித்தோரும் வாழ்ந்தனர். பெரிய கோயில் அங்கே எழுந்தது 1833இல். ஸ்மித் தீவை விட்டுச் சென்று பல்லாண்டுகள் கழித்து.